தேடிச் செல்வோரும் சேர்ந்து செல்வோரும்



மனிதன் பொழுதுபோக்கிற்காகச் செய்யும் காரியங்களுட் சில, அவன் தொழிலுக்காகச் செய்யும் காரியங்களைக் காட்டிலும் கூடுதலான ஒழுங்கை வேண்டி நிற்பன. கூட்டமாகப் பயணம் போதல் அவற்றுள் ஒன்று. தனியே போகிறவன் பசித்தால் உண்பான், களைத்தால் இருப்பான், மனம் மாறினால் வீடு திரும்புவான். பத்துப் பேர் சேர்ந்து புறப்பட்டாலோ, பத்துப் பசியும் பத்துக் களைப்பும் பத்து மனமும் கூடவே புறப்படுகின்றன. அத்தனையையும் ஒரே நாளில் ஒரே வழியில் நடத்திச் சென்று, மாலையில் அனைவரையும் முகமலர்ச்சியோடு வீடு சேர்ப்பது எவ்வாறு? பாடசாலைப் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்று பழகிய என் போன்றோர்க்கு இக்கேள்வி புதிதன்று. ஆயினும் இன்று இதனை, நம்மிற் பலர் கேள்விப்பட்டிராத ஒரு விளையாட்டை வைத்து ஆராயலாம் என எண்ணுகிறேன். துவிச்சக்கரவண்டிகளிற் கூட்டமாகச் சென்று, முன்பின் அறியாத ஒருவர் மறைத்துவைத்த பெட்டிகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு அது.

இதன் பெயர் ஜியோகாஷிங். பேச்சின் வசதிக்காக நாம் இதனைப் பெட்டி தேடல் என்றே சொல்லிக்கொள்வோம். பூமிக்கு மேலே ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் வலம்வரும் செய்மதிகள் இடையறாது சமிக்ஞைகளை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. நான்கு செய்மதிகளின் சமிக்ஞை கிடைக்குமானால், கையிலுள்ள ஒரு சிறு கருவி தான் நிற்கும் இடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் கணித்துவிடும். இவ்வசதி ஐக்கிய அமெரிக்காவின் இராணுவத் தேவைக்காக எழுந்தது. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தனர். அதனால் இடக்கணிப்பு 100 மீற்றர்வரை வழுவக்கூடும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், அன்றைய ஜனாதிபதி கிளின்ரனின் ஆணையின்படி அப்பிழை நீக்கப்பட்டது. ஒரே இரவில் உலகெங்குமுள்ள கருவிகள் ஏறக்குறையப் பத்து மடங்கு துல்லியம் பெற்றன.

அடுத்த ஓரிரு நாளிலேயே, மே 3ஆந் தேதியன்று, ஒரிகன் மாநிலத்துப் பீவர்கிறீக் என்னும் ஊருக்கருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டோரத்தில் மறைத்துவைத்தார். அதனுள் புத்தகம், ஒளிப்பதிவு நாடா, கவண், ஒரு தகரத்தில் அடைத்த அவரை முதலியன இருந்தன. அவ்விடத்தின் எண்களை இணையத்தில் வெளியிட்டு, கண்டவர் ஏதேனும் ஒன்றை எடுத்து ஏதேனும் ஒன்றை வைத்துச் செல்லலாம் என்றார். மூன்று நாட்களுக்குள் இருவர் கண்டுபிடித்துவிட்டனர். இன்று உலகில் 30 இலட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள் இவ்வாறு மறைந்திருக்கின்றன. இலங்கையிலும் சில உள.

விளையாட்டின் விதிகள் எளியவை. பெட்டியைக் கண்டவர் அதிலுள்ள குறிப்பேட்டில் தம் பெயரையும் தேதியையும் எழுதவேண்டும். உள்ளிருக்கும் பொருளொன்றை எடுத்தால், அதற்கு ஈடான அல்லது அதனினும் மேலான ஒன்றை வைக்கவேண்டும். எடுத்த இடத்திலே, எடுத்தபடியே பெட்டியைத் திரும்ப மறைக்கவேண்டும். உணவுப் பொருள் வைத்தலாகாது. காட்டு விலங்குகள் மோப்பம் பிடித்துப் பெட்டியைக் குதறிவிடும். முதற் பெட்டியிலிருந்த அவரைத் தகரம் இன்றைய விதிப்படி குற்றமாகும்!

கருவி எல்லாவற்றையும் செய்துவிடும் என்று எண்ணவேண்டா. பெட்டியின் இடத்தைப் பாகையிலும் கலையிலும், கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரையிலும் குறிப்பிடுவார்கள். அகலக்கோட்டின் ஒரு கலை ஏறக்குறைய 1.85 கிலோமீற்றர், ஆகவே அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு இரண்டு மீற்றருக்கும் குறைவு. கணக்கு அவ்வளவு நுட்பமானதாயினும், மரச்செறிவிலும் பாறைச் சரிவிலும் கருவி சில மீற்றர் தடுமாறும். ஆகவே இறுதிப் பத்து மீற்றர் மனிதனின் கண்ணுக்கும் பொறுமைக்கும் உரியது. ஓரிடத்திற் கல்லடுக்கு இயல்புக்கு மாறாக நேர்த்தியாயிருக்கும். ஒரு மரப்பொந்தின் வாயிலே காய்ந்த சுள்ளிகள் ஒழுங்காய்க் கிடக்கும். ஒருவர் காணாததை மற்றவர் காண்பார். கூட்டமாய்த் தேடுவதன் சுவை இங்கேதான் தொடங்குகிறது.

இவ்விளையாட்டுக்குச் செய்மதிக் காலத்துக்கு முந்திய ஒரு மூதாதை உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் கோட்டத்தில் டாட்மூர் என்றொரு மேட்டுநிலம் இருக்கிறது. புல்லும் புதரும் சதுப்பும் கருங்கற் குன்றுகளும் நிறைந்த வெளி அது. 1854ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி, அங்கே சென்றடைதற்கு அரிதான கிறான்மியர் குளத்தருகே ஒரு போத்தலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்துவந்தவர்கள் தம் பெயர்ச்சீட்டை அதனுள் இட்டுச் சென்றனர். பின்னர், தமக்கே முகவரியிட்ட அஞ்சலட்டையை அங்கு வைத்துவிட்டு வருவதும், அடுத்து வருபவர் அதனை எடுத்துச்சென்று தபாலிற் சேர்ப்பதும் வழக்கமாயின. முன்பின் அறியாத ஒருவருடைய அட்டையைத் தம் சட்டைப்பையிற் சுமந்து மேட்டுநிலத்தைக் கடந்து வந்து தபாலிற் போட்ட அந்த மனிதர்களை எண்ணிப் பாருங்கள். அவ்வட்டை தன் உடையவரிடம் திரும்பி வந்த நாளே, வேறொருவர் அவ்விடத்தை அடைந்த செய்தி அவருக்குக் கிடைத்த நாள். இந்த நம்பிக்கைதான் இன்றைய பெட்டிகளுக்கும் வித்து.

மூதாதையும் பேரனும் ஒரே நிலத்தில் வாழும் அந்த டாட்மூரையே நம் உதாரணமாகக் கொள்வோம். அதன் வடமேற்கு ஓரத்தில், ஓக்ஹாம்ப்டன் நகரிலிருந்து லிட்போர்ட் என்னும் சிற்றூர்வரை, கருங்கல் வழி என்று பொருள்படும் பெயருடைய ஒரு துவிச்சக்கரவண்டிப் பாதை செல்கிறது. நீளம் ஏறக்குறைய 18 கிலோமீற்றர். அதன் பெரும்பகுதி பழைய புகையிரதப் பாதையே. ஓக்ஹாம்ப்டனுக்கு 1871இலும், அங்கிருந்து லிட்போர்ட்டுக்கு 1874இலும் புகையிரதம் வந்தது. 1968இல் ஓக்ஹாம்ப்டனுக்கு அப்பால் அப்பாதை மூடப்பட்டது. தண்டவாளங்கள் போயின, பாதை எஞ்சியது. எக்ஸிற்றர் நகரிலிருந்து ஓக்ஹாம்ப்டன்வரை அன்றாடப் புகையிரத சேவை 2021 நவம்பரில் மீண்டும் தொடங்கியதால், வண்டியோடு புகையிரதத்தில் வந்திறங்கி, நிலையத்தின் பக்கத்திலிருந்தே மிதிக்கத் தொடங்கலாம்.

பழைய புகையிரதப் பாதைகளைத் துவிச்சக்கரவண்டிக் குழுக்கள் விரும்புவதற்குத் தக்க காரணமுண்டு. புகையிரதத்தால் செங்குத்தாக ஏற இயலாது. ஆகவே அக்காலத்துப் பொறியியலாளர் மேட்டைக் குடைந்தும் பள்ளத்தை நிரப்பியும் ஏற்றத்தை மெலிதாக்கினர். குன்றுகள் சூழ்ந்த நாட்டில், எழுபது வயது மூதாட்டியும் பத்து வயதுச் சிறுவனும் ஒரே வரிசையில் மிதித்துச் செல்லக்கூடிய வழி அத்தகையது. கருங்கல் வழியில் மெல்டன் பாலம் 1874ஆம் ஆண்டு இரும்பினால் எழுந்தது. பள்ளத்திலிருந்து ஏறக்குறைய 46 மீற்றர் உயரம். அதன்மேல் நின்று தெற்கே நோக்கினால் டாட்மூரின் மிக உயர்ந்த முடிகள் இரண்டு, 621 மீற்றரும் 619 மீற்றருமாக, அருகருகே நிற்பதைக் காணலாம்.

இனி, இவ்வழியிலே பன்னிருவரை அழைத்துச் செல்ல ஒருவர் எண்ணுகிறார் எனக் கொள்வோம். அவர் முதலிற் பார்க்கவேண்டியது யாது? வரைபடம் என்பார் சிலர். வானிலை என்பார் வேறு சிலர். வருவோர் யாவர் என்பதையே முதலில் அறியவேண்டும் என்பேன் நான். பாதையைத் தீர்மானித்துவிட்டு ஆட்களைச் சேர்த்தால், பாதைக்கு ஒவ்வாதவர் வழியில் துன்புறுவார். ஆட்களை அறிந்து பாதையைத் தீர்மானித்தால் துன்பம் குறையும். கடைசியாக எப்போது வண்டி ஓட்டினீர்கள், எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள், பிள்ளைகள் வருகிறார்களா, மருந்து ஏதும் உட்கொள்கிறீர்களா என்ற நான்கு கேள்விகளை நாகரிகமாகக் கேட்டுவிட்டால் பாதித் திட்டம் முடிந்ததாகும். குழுவின் வேகம் முன்னே செல்பவரின் வேகம் ஆகாது. கடைசியில் வருபவரின் வேகமே குழுவின் வேகம். இதனை மறந்த குழு, புறப்படும்போது குழுவாயிருந்து, பத்தாவது கிலோமீற்றரில் தனிமனிதர் பன்னிருவராகிவிடும்.

அடுத்தது காலக்கணக்கு. போய்வர 36 கிலோமீற்றர். மணிக்கு 12 கிலோமீற்றர் என்ற மெல்லிய வேகத்தில் மூன்று மணி நேரம். வழியிற் பத்துப் பெட்டிகளைத் தேடுவதாயின், ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிடமாக இரண்டு மணி நேரம். மதிய உணவுக்கு ஒரு மணி. ரயர் காற்றுப்போதல், சங்கிலி கழலுதல் முதலியவற்றுக்கு அரை மணி. ஆக, ஆறரை மணி நேரம். காலை 10 மணிக்குப் புறப்பட்டால் மாலை நாலரைக்குத் திரும்பலாம். ஜூன் மாதத்தில் இதனால் யாதொரு கேடுமில்லை. டெவனில் அப்போது இரவு 9 மணிக்குப் பின்னரும் வெளிச்சம் இருக்கும். டிசெம்பரிலோ மாலை 4 மணி கடந்த சிறிது நேரத்திலே சூரியன் மறைந்துவிடும். ஒரே பாதை, ஒரே குழு, ஒரே பெட்டிகள். மாதம் மாறினால் திட்டமும் மாறவேண்டும். இன்னுமொன்று. பன்னிருவரும் ஆளுக்கு ஐந்து நிமிடம் தத்தம் விருப்பப்படி தாமதித்தால் ஒரு மணி நேரம் கரைந்துவிடும். அந்த ஐந்து நிமிடங்களை ஒரே இடத்தில், ஒரே வேளையில் எல்லாரும் சேர்ந்து செலவிடச் செய்வதே நல்ல அமைப்பாளரின் திறமை.

இனி வண்டிகள் செல்லும் ஒழுங்கைக் கவனிப்போம். வழியறிந்த ஒருவர் முன்னே செல்லவேண்டும். வண்டி திருத்தத் தெரிந்தவரும் பொறுமைசாலியுமான ஒருவர் எல்லாருக்கும் பின்னே வரவேண்டும். காற்றடிக்கும் பம்பு, மாற்று ரியூப், ஒட்டுப்போடும் சாமான், முதலுதவிப் பை ஆகியன இப்பின்னவரிடம் இருக்கவேண்டும். ஏனெனில், பழுதுபட்டவர் பின்தங்குவாரேயன்றி முன்னே பாய்வதில்லை. முன்னவரிடம் பம்பு இருந்து என்ன பயன்? வழி பிரியும் இடந்தோறும் முன்னவருக்கு அடுத்து வருபவர் நின்று, திரும்பவேண்டிய பக்கத்தைக் காட்டி, கடைசி மனிதர் வந்து சேரும்வரை காத்திருந்து, பின் அவரோடு சேர்ந்துகொள்வது மிகச் சிறந்த முறை. இவ்வாறு ஒவ்வொரு பிரிவிலும் ஆள் மாறும். நாள் முடிவதற்குள் பெரும்பாலார் ஒருமுறையேனும் முன்னேயும் இருப்பர், பின்னேயும் இருப்பர். வேகமாய் மிதிப்பவரும் ஒரு சந்தியில் நின்று, கடைசி ஆளின் முகத்தை எதிர்நோக்கிக் காத்திருக்க நேர்கிறது. அவர் எவ்வளவு களைத்து வருகிறார் என்பதைக் கண்ணாற் கண்டவர், அடுத்த ஏற்றத்தில் தாமாகவே வேகத்தைத் தளர்த்துவார். அறிவுரையாற் கற்பிக்க முடியாததை அந்தச் சில நிமிடங்கள் கற்பித்துவிடுகின்றன.

பின்தங்கி வருபவருக்கு ஒரு கொடுமை நிகழ்வதுண்டு. அவர் மூச்சிரைக்க வந்து சேரும் அக்கணத்தில், அதுவரை இளைப்பாறிக்கொண்டிருந்த மற்றவர்கள், சரி, எல்லாரும் வந்தாயிற்று, புறப்படுவோம் என்று எழுந்துவிடுவார்கள். இளைப்பாறல் மிகத் தேவைப்பட்ட ஒருவருக்கே அது கிட்டாமற் போகிறது. வந்தவர் தண்ணீர் குடித்து, பேச்சிற் கலந்து, தாமே போவோமா என்று கேட்கும்வரை ஒருவரும் எழலாகாது என்பதைக் குழுவின் சட்டமாக்கவேண்டும்.

பெட்டியை அடைந்த பின் எவ்வாறு தேடுவது என்பதையும் புறப்படுமுன்னரே பேசித் தீர்க்கவேண்டும். இங்கே இரு மரபுகள் உள்ளன. ஒன்றின்படி, யாரேனும் ஒருவர் கண்டதும் உரக்கச் சொல்லிவிடுவார். பெருமை அனைவருக்கும் பொது. அலெக்சாந்தர் தூமாவின் நாவலை நினைந்து இதற்கு மூன்று மஸ்கெட்டியர் முறை என்று பெயரிட்டிருக்கிறார்கள். மற்றதன்படி, கண்டவர் பெட்டியைத் தொடாமல், கண்ட சாடையே காட்டாமல் சில அடி விலகிச் சென்று, முன்னரே பேசிவைத்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவார். மற்றவர்கள் தேடிக்கொண்டிருப்பர். ஒவ்வொருவராகக் கண்டு ஒவ்வொருவராக அமர்வர். பின்னைய முறை சிறுவர்க்கு மிக விருப்பமானது. கூர்ந்த கண்ணுடைய ஒருவரே எல்லாப் பெட்டிகளையும் கண்டெடுத்து, ஏனையோர் பார்வையாளராகிச் சலிப்புறும் தீங்கு இதனால் ஒழிகிறது. ஆயினும் மழை தூறும்போதும் பொழுது சாயும்போதும் முன்னைய முறையே தக்கது. எதுவாயினும் முன்கூட்டியே அறிவிக்காவிடின், ஒருவர் கூவ மற்றவர் முகம் வாடும்.

கருங்கல் வழியை விட்டு மேட்டுநிலத்துக்குள்ளே பெட்டி தேடப் புகுவோர் வேறு சிலவும் அறிந்திருக்கவேண்டும். டாட்மூரின் பொதுநிலத்தில் நடக்கவும் குதிரையிற் செல்லவும் 1985ஆம் ஆண்டுச் சட்டம் பொதுமக்களுக்கு உரிமை தந்தது. துவிச்சக்கரவண்டிக்கு அவ்வுரிமை இல்லை. குதிரைப் பாதைகளில் வண்டி ஓட்ட 1968ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்த போதிலும், நடப்பவர்க்கும் குதிரையில் வருவோர்க்கும் வழிவிட்டே செல்லவேண்டும் என்பது விதி. ஆகவே வண்டிகளைப் பூட்டி வைத்துவிட்டு நடந்தே செல்லவேண்டிய பெட்டிகள் எவை, வண்டிகளுக்குக் காவல் யார் என்பனவும் திட்டத்தின் பகுதியாகும்.

இதனினும் பெரியதொன்றுண்டு. மேட்டுநிலத்தின் வடபாகத்தில் இராணுவத்தின் சுடுபயிற்சி நிலங்கள் உள்ளன. பெரட் போத்தல் வைத்த கிறான்மியர் குளமும் அவற்றுள் ஒன்றின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. பயிற்சி நடக்கும் பகலில் எல்லைக் குன்றுகளிற் செங்கொடியும் இரவிற் செவ்விளக்கும் ஏற்றப்படும். பயிற்சி நாட்களை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். அவ்வறிவித்தலைப் பாராது குழுவை அழைத்துச் செல்பவர் அமைப்பாளர் என்னும் பெயருக்கே தகுதியற்றவர். பயிற்சியில்லாத நாளிலும் அந்நிலத்திற் கிடக்கும் உலோகப் பொருள் எதனையும் தொடலாகாது. பெட்டி தேடிச் செல்லும் சிறுவன் புல்லிடையே மின்னும் ஒன்றைக் கண்டால் அவன் கை தானாகவே நீளுமன்றோ? எதை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று காலையிலேயே அவனுக்குக் காட்டித் தரவேண்டும்.

நேயர்களே, இவ்விடத்தில் நம் நாட்டை நினையாதிருக்க இயலவில்லை. கேட்பாரற்றுக் கிடக்கும் பொதியைத் தொடாதே, வழியிற் கிடக்கும் பேனாவையும் எடுக்காதே என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்த தலைமுறை எங்களுடையது. யுத்தம் 2009இல் முடிந்த பின்னரும் கண்ணிவெடி அகற்றும் வேலை பல்லாண்டு நீடித்தது. மறைந்திருக்கும் பொருள் என்றாலே அஞ்சக் கற்றவர்கள் நாம். உலகின் வேறொரு பக்கத்தில், மறைந்திருக்கும் பொருளைத் தேடிச் செல்வது பிள்ளைகளுக்கு விளையாட்டாயிருக்கிறது என்று அறியும்போது மனம் சற்றுத் தயங்குகிறது; பின்னர் ஏங்குகிறது. எம் பிள்ளைகளின் பிள்ளைகள் ஒரு புதரை விலக்கிப் பார்க்கும்போது அச்சமின்றி, ஆவலோடு மட்டும் பார்க்கவேண்டும் என்பதே அந்த ஏக்கம்.

அந்நாடுகளிலும் இந்நம்பிக்கை எளிதில் உடையக்கூடியதே. 2011ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் யோர்க்ஷயரிலுள்ள வெதர்பி என்னும் பட்டணத்தில், ஒரு சிற்றுண்டிச்சாலைக்கு வெளியே ஒருவர் எதையோ மறைப்பதைக் கண்ட மக்கள் ஐயுற்றுப் பொலிசாருக்கு அறிவித்தனர். வீதி மூடப்பட்டது. இராணுவத்தின் வெடிகுண்டுப் பிரிவினர் வந்து அப்பொருளை வெடிக்கவைத்து அழித்தனர். அது ஒரு பெட்டி தேடற் பெட்டி! விளையாட்டை அறியாத வழிப்போக்கரின் கண்ணிற் படாமல் தேடுவது இவ்விளையாட்டின் ஒரு சுவை என்பது மெய்யே. ஆனால் பன்னிருவர் பதுங்கிப் பதுங்கி ஒரு மதிலோரத்தைத் துழாவினால் எவருக்கும் ஐயம் எழும். ஊருக்குள்ளே கூட்டமாய்த் தேடுவோர்க்கு ஒளிவு ஒருபோதும் உதவாது. ஒருவர் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், புன்முறுவலோடு விளையாட்டை விளக்கிச் சொல்லிவிடுவதே முறை. கேட்டவர் அடுத்த வாரம் தாமும் ஒரு வண்டியோடு வந்து சேர்ந்துகொள்ளவும் கூடும்.

நிலத்துக்குரியவரிடம் காட்டும் மரியாதையும் இத்தகையதே. பிரித்தானியாவிற் பெட்டி வைப்போர் நிலச் சொந்தக்காரரின் சம்மதம் பெறவேண்டும் என்பது கொள்கை. சாந்தின்றிக் கல்லடுக்கிக் கட்டிய வேலிச்சுவர்களிற் பெட்டி மறைத்தலாகாது என்பதும் அங்குள்ள விதி. தேடுவோர் கல்லைப் பிடுங்கப் பிடுங்க, தலைமுறை தலைமுறையாய் நின்ற சுவர் சரிந்துவிடுமன்றோ? அவ்விதி இருப்பதை அறிந்த குழு சுவரிற் கை வைக்காது. அதனால் அதன் தேடல் நேரமும் மிஞ்சும். ஆடுகள் குட்டியீனும் இளவேனிற் காலத்தில் மந்தைகளை விட்டு விலகிச் செல்லவேண்டும். திறந்த படலை மூடவேண்டும். இவற்றிற்கு மேலாக, 2002ஆம் ஆண்டு முதல், பெட்டி தேடுவோர் கூட்டமாய்ச் சேர்ந்து வழியிலுள்ள குப்பையைப் பொறுக்கும் வழக்கம் பல நாடுகளிலும் பரவியிருக்கிறது. எண்ணியிருந்த இரண்டொரு பெட்டிகளைக் குறைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பையை வண்டியிற் கட்டிச் செல்லும் குழுவை, அவ்வூரார் அடுத்த முறை வரவேற்பார்கள்.

இவ்வளவையும் எண்ணி முடித்தபின் அமைப்பாளர் அறிவித்தல் எழுதவேண்டும். பெட்டி தேடுவோர் சந்திப்புகளை ஆகக் குறைந்தது இரண்டு கிழமை முன்னதாகவே பதிவுசெய்ய வேண்டுமென்பது நடைமுறை. நல்ல அறிவித்தலில் தேதியும் கூடும் இடமும் மட்டும் இருந்தாற் போதாது. எவ்வளவு தூரம், பாதை எத்தகையது, ஏற்றம் உண்டா, எந்த வேகம், எத்தனை பெட்டி, மதிய உணவு எங்கே, களைத்தவர் எவ்விடத்திலிருந்து திரும்பலாம், எத்தனை மணிக்கு முடியும் என்பனவெல்லாம் அதில் இருக்கவேண்டும். புகையிரதத்தில் வண்டி ஏற்றும் இடம் மட்டானது. பன்னிருவர் ஒரே புகையிரதத்தில் வந்திறங்க எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். அதனையும் எழுதிவிடவேண்டும். மழை பெய்தால் என்ன செய்வது என்ற வரியை ஒருபோதும் விடலாகாது. டாட்மூரின் மூடுபனி சிறிது நேரத்தில் வழியை மறைத்துவிடும். மின்கலம் தீர்ந்த கைத்தொலைபேசி வெறுங் கண்ணாடித் துண்டு. ஆதலால் காகித வரைபடமும் திசைகாட்டியும் ஒருவரிடமேனும் இருக்கவேண்டும். அவற்றைப் பார்க்கவும் அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

திட்டமிடுவது மகிழ்ச்சியைக் கெடுக்கும் என்று கருதுவாருமுண்டு. காற்றைப் போலப் போகவேண்டும், கால் போன வழியிற் செல்லவேண்டும் என்பர் அவர். தனி மனிதனுக்கு அது பொருந்தும். கூட்டத்திலோ, திட்டமின்மையின் விலையை எப்போதும் மிக மெலிந்தவரே கொடுக்கிறார். வழி தவறினால் வலியவருக்கு அது ஒரு வேடிக்கைக் கதை. மெலியவருக்கு ஐந்து கிலோமீற்றர் கூடுதல் வேதனை. உணவு தாமதித்தால் இளைஞருக்குச் சிரிப்பு. சர்க்கரை நோயுடையவருக்கு ஆபத்து. ஆகவே குழுப் பயணத்தில் திட்டம் என்பது, வெளியே சொல்லத் தயங்கும் ஒருவரின் சிரமத்தை அவர் சொல்லாமலே முன்னறிந்து, அதற்கு இடம் ஒதுக்கி வைத்தலாகும். அந்த இடம் ஒதுக்கப்பட்டிருப்பதை அவர் அறியாமலே நாள் இனிது முடிந்துவிடுமானால், அமைப்பாளர் வென்றார் எனலாம்.

பெட்டியினுள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு பொத்தானோ, விளையாட்டுக் காரோ, நாலைந்து நாணயமோதான். அவற்றுக்காக எவரும் 36 கிலோமீற்றர் மிதிக்கமாட்டார். குறிப்பேட்டைப் பிரித்தால் ஒரே தேதியின் கீழ்ப் பன்னிரண்டு பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுதப்பட்டிருக்கும். அவற்றுட் கடைசிப் பெயர், கையெழுத்துச் சற்று நடுங்கியிருக்க, கடைசியாய் வந்து சேர்ந்தவருடையதாயிருக்கும். அவர் எழுதி முடிக்கும்வரை மற்றப் பதினொருவரும் காத்திருந்திருக்கிறார்கள். அந்த ஏட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடுகிறவரும் அவராகவே இருக்கட்டும்.